அருஞ்சொல் மோகம்

(ஒரு தோட்டக் கிராணி எழுதுவது)

நம்மவரிடையே புகுந்து குடிகொண்டிருக்கும் மோகங்கள் பல. பொன் மோகம், விழா மோகம், பட்ட மோகம் என்பனபற்றிச் சீர்திருத்தம் விரும்புவோர் பலகாலும் எழுதியும் பேசியும் வந்துள்ளனர். ஆனால் கல்வியின் பெயரால் நம் வீடுகளில் நுழைந்து, பிள்ளைகளின் உறக்கத்தையும் பெற்றோரின் பொருளையும் ஒருங்கே கவர்ந்துகொள்ளும் மோகம் ஒன்று உண்டு. அதுபற்றி வாய் திறப்பார் இலர். அஃது ஆங்கில அருஞ்சொல் மோகம். ஆங்கிலேயரே தம் வாழ்நாளில் பத்து முறை வழங்காத சொற்களை, ஆங்கிலப் பத்திரிகையின் ஒரு பத்தியைப் பொருளுணர்ந்து படிக்கமாட்டாத பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் உருப்போடுகின்றனர். இதனை உயர்ந்த கல்வி என்று பெற்றோர் நம்புகின்றனர். இது கல்வியன்று, கல்வியின் வேடம் பூண்ட ஒரு மூடப்பழக்கமே என்பது இக்கட்டுரையின் துணிபு.

இவ்வாறு எழுத எனக்கு யாது தகுதி என்று வாசகர் வினவலாம். நான் புலவனல்லேன், உபாத்தியாயனுமல்லேன். செம்பனைத் தோட்டமொன்றில் கணக்கும் கடிதமும் எழுதிப் பிழைக்கும் கிராணி. என் தந்தையார் கடன்பட்டு என்னை ஆங்கில வழியிலேயே படிக்க வைத்தார். நானும் ஒரு காலத்தில் இதே சொல் மூட்டையைச் சுமந்தவன். சுமந்ததோடு நில்லாது, அதனால் பிறர்க்குத் தீங்கும் இழைத்தவன். ஆதலின் இஃது ஊர்க் குற்றம் கூறும் உரையன்று, என் குற்றத்தையும் உடன் வைத்துப் பேசும் உரையாகும்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் தோட்டத்துப் பெண்ணொருத்தி என் வீட்டு வாயிலில் வந்து நின்றாள். ஆறாம் படிவத்தில் படிப்பவள். கையில் தடித்த காகிதக் கட்டு ஒன்று இருந்தது.

"ஐயா, பரீட்சைக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. இதில் ஆயிரம் சொற்கள். நாளுக்கு ஐம்பது வீதம் மனப்பாடம் செய்கிறேன். நான் ஒப்பிக்கிறேன், நீங்கள் சரி பார்த்தால் போதும்," என்றாள்.

"என்ன விலை அம்மா இது?" என்றேன்.

"நூற்றைம்பது வெள்ளி, ஐயா. டியூஷன் வகுப்பில் கொடுத்தார்கள்."

2025-ம் வருஷத்தில் இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. மாதத்துக்கு இருபத்தாறு வேலை நாளென்று கணக்கிட்டால் நாளொன்றுக்கு அறுபத்தைந்து வெள்ளி வரும். எனவே அந்தக் கட்டு, உதிரிப் பழம் பொறுக்கும் அவள் தாயாருக்கு இரண்டு நாட் கூலிக்கு மேற்பட்டது. அதனைக் கையில் வாங்கியபோதே அதன் கனம் எனக்குத் தெரிந்தது.

பெண் ஒப்பித்தாள். 'அப்ஸ்டீமியஸ்', 'பெல்லிக்கோஸ்', 'கர்மட்ஜன்', 'டெசல்டரி' என்று தடையின்றி ஓடிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் பொருளும் கூறினாள். 'டெசல்டரி' என்றால் ஒழுங்கற்றது என்றாள். சரிதான். "அதை வைத்து ஒரு வாக்கியம் சொல், அம்மா," என்றேன். சற்றே சிந்தித்து, நம் லயத்துச் சாலை டெசல்டரியாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கூறினாள். குறிக்கோளின்றித் தாவித் தாவிச் செல்லும் பேச்சுக்கும் முயற்சிக்கும் உரிய சொல், குண்டும் குழியுமான சாலைக்கு அடைமொழியாயிற்று! பட்டியலோ அவளுக்குப் பொய் சொல்லவில்லை. 'ஒழுங்கற்ற' என்றுதான் சொல்லிற்று. மெய்யின் ஒரு பாதியைச் சொல்லி மறு பாதியை மறைத்துவிட்டது.

பின்னர், பழைய வினாத்தாளொன்றிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அதில் அவள் பட்டியற் சொல் ஒன்றேனும் இல்லை. ஆனால் 'டெஸ்பைட்' என்ற சொல் இருந்தது, 'வேரஸ்' என்பதும் 'நெவர்தெலஸ்' என்பதும் இருந்தன. அம்மூன்றையும் அவள் கண்ணால் தாண்டிப் போனாள். அதன் பயனாக, ஆசிரியர் மறுத்த கருத்தையே ஆசிரியரின் கருத்தென்று கொண்டாள். ஐந்து வினாக்களில் மூன்று பிழை. மேற்கொண்ட கருத்தினின்று வாக்கியம் திரும்பும் இடத்தைக் காட்டும் சிறு சொல் அறியாதவள், வாழ்நாளில் ஒருமுறையும் சந்திக்காத பெருஞ்சொற்களைக் கட்டுக் கட்டாக அறிந்திருந்தாள். என்னே பேதைமை! ஆனால் பேதைமை அப்பெண்ணுடையதன்று. அவள் உழைப்பை இத்திசையில் திருப்பிவிட்ட நம்முடையது.

நான் நகைக்கவில்லை. நகைக்கும் உரிமை எனக்கில்லை. ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், வேலைக்காட்டில் அம்மையார் ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பை முறித்துக்கொண்டார். துண்டைக் கிழித்துக் கையைக் கட்டிக்கொண்டு, பொறுக்கிய பழத்தைச் சாக்கில் நிரப்பி முடித்த பிறகே தண்டலிடம் சொன்னார். நடந்ததை மேலிடத்துக்கு எழுதும் வேலை என்னுடையது. அவருடைய மனத்திட்பத்தைப் புகழ எண்ணினேன். பள்ளிநாளில் நான் உருப்போட்ட பட்டியலில் 'நான்சலன்ட்' என்றொரு சொல் உண்டு. 'அமைதியான, பதற்றமற்ற' என்று அதன் பொருள் அச்சிடப்பட்டிருந்தது. அம்மையார் தொடக்கமுதல் இறுதிவரை 'நான்சலன்ட்' ஆக இருந்தார் என்று எழுதி, எனக்குள் மகிழ்ந்தேன். அம்மையார் என்னை நம்பி, வாசிக்கத் தெரியாத அக்காகிதத்தின் அடியில் கையெழுத்திட்டார்.

ஆங்கிலமறிந்தார்க்கு அச்சொல் தரும் பொருள் வேறு. கவலையின்மை, பொருட்படுத்தாமை, ஏனோதானோ என்றிருத்தல் என்ற சாயல் அதனோடு ஒட்டியே வரும். மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: வேலையாள் பாதுகாப்பைப் பொருட்படுத்தாமல் நடந்துகொண்டது உண்மையா, விளக்கம் தேவை என்று. விசாரணை என்றார்கள். அவருக்குச் சேரவேண்டிய தொகை பல வாரம் நின்றது. ஒருநாள் அவர் கட்டுப்போட்ட கையோடு ஆபீசு வாயிலில் வந்து, "ஐயா, நான் என்ன தப்புச் செய்தேன்?" என்று கேட்டார். நான் என்ன மறுமொழி கூறுவேன்? தப்புச் செய்தவர் அவரல்லர். தனக்குச் சொந்தமில்லாத சொல்லைத் தன் சொல்லென்று எண்ணிய கிராணியே செய்தான்.

அன்றிரவு மறு கடிதம் எழுதினேன். அவர் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. வலியைப் பொறுத்துக்கொண்டு வேலையை முடித்தார். கவனக்குறைவு ஏதுமில்லை. இவ்வளவே. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். அக்கடிதத்தின்மேல் எவரும் விளக்கம் கேட்கவில்லை.

நிற்க. இம்மோகம் எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

சொல் உரைகல்லான வரலாறு

அருஞ்சொல்லறிவே அறிவின் அளவு என்னும் கொள்கை, ஐக்கிய அமெரிக்க நாட்டில் பெருவழக்காயிற்று. அங்கே 1926-ம் வருஷத்தில் 'எஸ்.ஏ.டி.' என்னும் கல்லூரிப் புகுமுகப் பரீட்சை முதன்முறையாக நடைபெற்றது. எதிர்ச்சொல் கூறுக, இச்சொல்லுக்கு அச்சொல் எப்படியோ அப்படி எச்சொல்லுக்கு எச்சொல் என்பன போன்ற வினாக்கள் அதில் இடம் பெற்றன. அதனை வகுத்தோருள் தலையாயவர் கார்ல் பிரிகாம் என்னும் உளநூற் பேராசிரியர். இவர் 1923-ல் ஒரு நூல் எழுதினார். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படைவீரர்க்கு வைக்கப்பட்ட அறிவுச் சோதனைகளை ஆதாரமாகக் கொண்டு, வட ஐரோப்பிய இனத்தாரே அறிவில் மேம்பட்டோர் என்று அந்நூலில் நிலைநாட்ட முற்பட்டார். அமெரிக்காவில் அதிக ஆண்டு வாழ்ந்த குடியேறிகள் அதிகப் புள்ளியும், புதிதாக வந்தோர் குறைந்த புள்ளியும் பெற்றனர் என்பது அதே கணக்கிலேயே தெரிந்தது. ஆங்கிலமும் அமெரிக்க வாழ்க்கையும் பழகப் பழகப் புள்ளி ஏறிற்று என்பதே அதன் நேர்ப் பொருள். அவர் அதனை ஏற்காது, பின் வந்தோர் பிறப்பினாலேயே தாழ்ந்தோர் என்று பொருள் செய்தார். 1930-ல் தம் முடிவு அடிப்படையற்றது என்று அவரே எழுதிக் கைவிட்டார் என்பதையும் நேர்மை கருதிச் சொல்லவேண்டும். ஆனால் பரீட்சை நின்றது. சொல்லறிவால் மனிதனை எடைபோடும் பழக்கமும் நின்றது.

அப்பரீட்சையில் பிற்காலத்தில் வந்த ஒரு வினாவைப் பலரும் எடுத்துக் காட்டுவர். ஓடுவோனுக்கு மாரத்தான் எப்படியோ, துடுப்பு வலிப்போனுக்கு அப்படி எது என்பது கருத்து. விடை 'ரிகாட்டா', அதாவது படகுப் பந்தயம். செல்வர் வீட்டுப் பிள்ளை ஏரிக்கரையில் நின்று கண்ணால் கண்ட காட்சி அது. நகரத்தின் ஏழைத் தெருவில் வளர்ந்த பிள்ளைக்கு அது வெறும் ஓசை. இருவரில் எவர் அறிவாளி என்று அவ்வினா கேட்கவில்லை, எவர் வீட்டுக்கு அருகில் படகு இருந்தது என்றே கேட்டது. நம் தோட்டத்துப் பிள்ளையை நிறுத்தி, 'குலைக்குச் செம்பனை எப்படியோ, பாலுக்கு எது' என்று கேட்டால், நகரத்துப் பிள்ளை பசுவென்று சொல்லி விழிக்க, நம் பிள்ளை ரப்பர் மரமென்று சொல்லி முதற்பரிசு பெறும். அதனால் அவன் மேதையாகிவிடுவானா?

பிறப்பைக் கொண்டு மனிதரை மேல் கீழ் என்று பிரித்த கொடுமையை எதிர்த்து நம் முன்னோர் போராடினர். இன்று சொல்லைக் கொண்டு அவ்வாறு பிரிக்கும் புதிய வருணமொன்றை நாமே காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைக்கலாமா? 'என் மகன் பேசும் ஆங்கிலம் உனக்கு விளங்காது' என்பதில் பெருமை கொள்ளும் தந்தையர் நம்மில் உண்டு. விளங்காமை பேச்சுக்குக் குற்றமா, குணமா? சிந்தியுங்கள்.

பரீட்சைகளே மாறிவிட்டன

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. எந்தப் பரீட்சைகளுக்காக இம்மூட்டை கட்டப்பட்டதோ, அப்பரீட்சைகளே அதனைப் பெரும்பாலும் இறக்கி வைத்துவிட்டன. 'எஸ்.ஏ.டி.'யில் எதிர்ச்சொல் வினா 1994-ல் நீக்கப்பட்டது. ஒப்புமை வினா 2005-ல் நீக்கப்பட்டது. 2016-ல் மீண்டும் திருத்தியமைத்தபோது, அரிய சொற்களை விட்டு, படிப்பிலும் தொழிலிலும் மிக வழங்கும் சொற்களை அவை வரும் இடம் நோக்கிப் பொருள் காணச் செய்தனர். மேற்படிப்புக்குரிய 'ஜி.ஆர்.இ.' பரீட்சையும் எதிர்ச்சொல், ஒப்புமை என்னும் இரண்டையும் 2011-ல் விட்டொழித்தது.

நம் நாட்டு நிலை யாது? பல்கலைக்கழகம் புகுவோர் எழுதும் 'மூயெட்' பரீட்சை 1999-ல் தொடங்கிற்று. 2021 முதல் ஐரோப்பியப் பொது மொழிச் சட்டகத்துக்கு இணங்க அமைக்கப்பட்டுள்ளது. கேட்டல், பேசல், படித்தல், எழுதல் என நான்கு பிரிவு. நான்குக்கும் சம மதிப்பு. தனிச் சொல்லை வரிசையில் நிறுத்தி அதன் பொருள் கேட்பதற்கென்று ஒரு தாள் அதில் இல்லை. அப்படியிருக்க, பேசவும் கேட்கவும் பழகவேண்டிய இருபது நாளைப் பட்டியல் விழுங்குவது எதற்காக? பரீட்சை மாறியதை அறியாமல் விற்கின்றனரா, அறிந்தும் விற்கின்றனரா என்பதை விற்போரே சொல்லவேண்டும். நான் ஒன்றுமட்டும் அறிவேன்: பட்டியலை அச்சிடுவது எளிது. ஒரு பிள்ளை எழுதிய கட்டுரையை வரி வரியாகத் திருத்துவது கடினம்.

தடை விடைகள்

இதற்கு எதிராகக் கூறப்படும் வாதங்களைக் காண்போம்.

'அருஞ்சொல் எழுதினால் பரீட்சகர் அதிகப் புள்ளி தருவார்' என்பது முதல் வாதம். 'ஐயெல்ட்ஸ்' பரீட்சையின் எழுத்துத் தாளில் புள்ளியிடும் அளவைகள் நான்கு. சொல்வளம் அவற்றுள் ஒன்று. ஆயின் அந்த அளவையின் விளக்கம் கூறுவது யாது? பொதுவில் வழங்காத சொல்லைப் பிழைபட வழங்க முயல்வோன் இடைத்தரத்தில் நிற்கிறான். எச்சொல் எதனோடு சேரும், எந்நடைக்குப் பொருந்தும் என்றறிந்து வழங்குவோனே மேற்செல்கிறான். ஆகவே பரீட்சகர் தேடுவது அருமையை அன்று, பொருத்தத்தையே ஆகும். 'நான்சலன்ட்' எழுதிய கிராணி அங்கே தோற்பான்.

'ஜி.ஆர்.இ.யில் இன்றும் கடிய சொற்கள் வருகின்றனவே' என்பது இரண்டாவது வாதம். உண்மை. வாக்கியத்தின் இடைவெளியை நிரப்பும் வினாக்களில் வருகின்றன. அவற்றை எழுதுவோன் அச்சொற்களைக் கற்கத்தான் வேண்டும். ஆனால் அவை வாக்கியத்துக்குள் வருவதால், வாக்கியத்தின் போக்கை அறியாதவனுக்குப் பட்டியல் பயன்படாது. அன்றியும், பட்டதாரி ஒருவர் மேற்படிப்புக்குச் செய்யும் முயற்சியை, அடிப்படை ஆங்கிலமே தள்ளாடும் பிள்ளையின் தலையில் சுமத்துவது, குழந்தைக்குப் பாட்டனார் செருப்பை மாட்டுவது போலாகும்.

மூன்றாவது வாதம் தமிழறிந்தார் கூறுவது. 'நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் நிகண்டை நெட்டுருச் செய்யவில்லையா? சொற்பட்டியலை மனப்பாடம் செய்தது நம் மரபுதானே' என்பர். இது வலிய வாதம். ஆகவே இதற்குச் சற்று விரிவாக விடை கூறவேண்டும். நிகண்டு பொருள் வகையாகத் தொகுக்கப்பட்டது. தேவப்பெயர் ஓரிடம், மக்கட்பெயர் ஓரிடம், விலங்கு ஓரிடம், மரம் ஓரிடம் என்று இனம் இனமாக நிற்பது. அகரமுதல் அடுக்கிய அனாதைச் சொற்களன்று. மண்டல புருடர் சூடாமணி நிகண்டை விருத்தப் பாவில் பாடியது, சந்தமே நினைவைத் தாங்கும் என்று கருதியன்றோ? எல்லாவற்றுக்கும் மேலாக, அதனைக் கற்ற சிறுவன் தமிழிலேயே பிறந்து தமிழிலேயே வளர்ந்தவன். நிகண்டு முடிந்தவுடன் அச்சொற்கள் வாழும் நூல்களுக்குள் நுழைந்தான். நிகண்டு அவனுக்கு வாயில், வீடன்று. நம் பிள்ளைக்கு நாம் வாங்கிக் கொடுப்பதோ வீடில்லாத வெறும் வாயில்.

சந்தமும் பொருளும் நினைவுக்குத் துணை என்பதை மேல்நாட்டாரும் அளந்து கண்டுள்ளனர். எபிங்காஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை உருப்போட்டு, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கிட்டு 1885-ல் வெளியிட்டார். முன்பு செலவிட்ட உழைப்பில் மூன்றிலொரு பங்கின் பயனே ஒருநாள் கழிந்தபின் எஞ்சிநின்றது. ஒரு மாதம் சென்றபின் ஐந்திலொரு பங்கு. அவரே பைரன் கவியின் பாடல்களை மனனம் செய்தபோது, அதற்கு அசைகளை உருப்போடும் முயற்சியில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே தேவைப்பட்டது. பொருளோடு வந்தது நிற்கிறது, பொருளின்றி வந்தது ஓடுகிறது. வாக்கியம் காணாத அருஞ்சொல், நம் பிள்ளைக்குப் பொருளற்ற அசைக்கு எவ்வளவு தூரம்?

நான்காவது வாதம் என்னை நோக்கியே எழுவது. 'உனக்கு ஆங்கிலம் வந்துவிட்டது. ஆபீசில் நாற்காலி கிடைத்துவிட்டது. இனி எங்கள் பிள்ளை வரக்கூடாதென்று ஏணியை எட்டி உதைக்கிறாயோ?' என்று ஒரு தோழர் என் முகத்துக்கு நேரே கேட்டார். அவர் கேட்டது நியாயம். இந்நாட்டில் தோட்டத்தை விட்டு வெளியேற நம் பிள்ளைக்கு உள்ள வழிகளுள் ஆங்கிலம் ஒன்று என்பதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் நான் பொய்யன். ஆங்கிலம் குறைவாகக் கற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இப்போது கற்பதைவிட மிகுதியாகக் கற்க வேண்டும் என்கிறேன். அந்த ஏணியின் கீழ்ப்படிகளை விட்டு மேற்படிகளை மட்டும் விலைக்கு விற்கிறார்களே, அதனையே கண்டிக்கிறேன்.

செய்யத்தக்கது யாது?

கண்டிப்பதோடு நிற்பது எளிது. ஆதலின் செய்யத்தக்கதையும் கூறுகிறேன். இவை என் கற்பனையல்ல, சொற்களை எண்ணி ஆராய்ந்தோர் கண்டவை.

வங்காளத்தில் கல்வித்துறையில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்பார், ஆங்கிலத்தில் மிகப் பயன்படும் ஏறத்தாழ இரண்டாயிரம் சொற்களைத் தொகுத்து 1953-ல் வெளியிட்டார். சாதாரண எழுத்தில் நூற்றுக்கு எண்பது பங்கும் அதற்கு மேலும் இத்தகைய சொற்களே. அவெரில் காக்ஸ்ஹெட் என்னும் அம்மையார், அவற்றுக்கு அப்பால் கல்விநூல்களில் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்து 2000-ல் வெளியிட்டார். கல்விநூற் பக்கங்களில் ஏறத்தாழப் பத்து விழுக்காடு இவற்றால் ஆனது. சொற்குடும்பம் என்பது ஒரு சொல்லும் அதனின்று கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது. அப்பெண் தவறவிட்ட 'நெவர்தெலஸ்' காக்ஸ்ஹெட் அம்மையாரின் பட்டியலில் உண்டு. 'கர்மட்ஜன்' இல்லை. இதிலேயே என் வாதம் முழுவதும் அடங்கும்.

நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் 2006-ல் மற்றொரு கணக்குக் காட்டினார். ஆங்கில நூலைப் பிறர் துணையின்றிப் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்றார். ஐம்பது சொல்லுக்கு ஒன்றுக்குமேல் தெரியாத சொல் வராத நிலை அது. 'பார்த்தீரா, ஒன்பதாயிரம் வேண்டுமாம்' என்று பட்டியல் விற்போர் மகிழவேண்டா. அக்கணக்கு மிக வழங்குவதில் தொடங்கிப் படிப்படியாக அரியதை நோக்கிச் செல்வது. அவ்வளவு பெருந்தொகையை இருபது நாளில் எவரும் விழுங்க இயலாது. நாள்தோறும் படிப்பதொன்றே அதற்கு வழி.

ஆகவே, முதலில் மிக வழங்கும் சொற்களும், வாக்கியத்தை இணைத்தும் திருப்பியும் நடத்தும் சிறு சொற்களும் ஐயமறத் தெரியவேண்டும். பின்னர்க் கல்விநூற் சொற்கள். தம் நிலைக்குச் சற்றே மேற்பட்ட நூலும் பத்திரிகையும் நாள்தோறும் அரை மணியேனும் படிக்கவேண்டும். புதுச்சொல் கண்டால், அதனை அது நின்ற வாக்கியத்தோடு கையேட்டில் எழுதவேண்டும். அடுத்த நாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என இடைவெளி விட்டுத் திரும்பப் பார்க்கவேண்டும். அகராதியில் பொருளை மட்டும் பாராது, கீழே கொடுத்துள்ள உதாரண வாக்கியத்தையும் பார்க்கவேண்டும்.

லத்தீன், கிரேக்க வேர்ச்சொல் கற்பதும் நன்றே. 'ஸ்பெக்ட்' என்பது பார்த்தல் என்றறிந்தால் இன்ஸ்பெக்டரும் ஸ்பெக்டேட்டரும் ஒரு குடும்பமாகத் தெரிவர். ஆயினும் வேரை மட்டும் நம்பினால் ஆபத்து. 'இன்' என்றால் இல்லை என்று மட்டும் படித்தவன், எண்ணெய்ப் பீப்பாய்மேல் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைக் கண்டு, தீப்பற்றாது என்று எண்ணிச் சுருட்டைப் பற்றவைத்தால் என்னாகும்? எளிதில் தீப்பற்றும் என்பதன்றோ அதன் பொருள்!

எழுதும்போது, தெரிந்த சொல்லையே எழுதவேண்டும். இது ஏழைக்கு நான் வகுத்த தனி நீதியன்று. ஃபவுலர் சகோதரர்கள் 1906-ல் ஆங்கிலேயர்க்கே எழுதிய நூலின் தொடக்கத்தில், பழகிய சொல் இருக்க எட்டாத சொல்லைத் தேடாதே என்றனர். பிரிட்டிஷ் நிதித்துறையின் வேண்டுகோளின்படி எர்னஸ்ட் கௌவர்ஸ் 1948-ல் ஒரு கைந்நூல் எழுதினார். அரசாங்க அதிகாரிகள் குடிமக்களுக்கு விளங்குமாறு எளிய சொல்லில் எழுதவேண்டும் என்பதே அதன் நோக்கம். மொழிக்கு உடையவர்கள் மூட்டையை இறக்கச் சொல்லி முக்கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. நாம் மட்டும் ஏன் அதனைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்கிறோம்?

பெற்றோர்க்கும் பிறர்க்கும்

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை எத்தனை சொல் ஒப்பிக்கிறது என்று கேளாதீர். அன்று படித்த ஒரு பக்கத்தின் சாரத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதாயினும் அது விளங்கும். பிள்ளைக்குப் புரிந்ததா இல்லையா என்பதும் அக்கணமே வெளிப்படும். இதற்குக் கட்டணம் இல்லை.

சங்கங்களை நடத்தும் அன்பர்களே! பரிசளிப்பு விழாவுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கை எடுத்து, தோட்டந்தோறும் ஓர் அலமாரி நூல் வாங்கி வையுங்கள். வாரத்துக்கொரு நாள் ஆங்கிலமறிந்தார் ஒருவர் உட்கார்ந்து பிள்ளைகளோடு படிக்கட்டும், அவர்கள் எழுதியதைத் திருத்தட்டும். என் போன்ற கிராணிகள் எத்தனையோ பேர் இருக்கிறோம். எங்களை அழையுங்கள்.

அப்பெண் அன்று என்னைக் கேட்டாள்: "அப்படியானால் இந்தக் கட்டை எறிந்துவிடுவதா, ஐயா? அம்மா கொடுத்த காசாயிற்றே."

"எறியவேண்டாம், அம்மா. நீ படிக்கும் பக்கங்களில் இதிலுள்ள சொல் ஏதேனும் வந்தால், அன்று அதன் எதிரே ஒரு கோடு போடு. கோடு விழுந்த சொல் உன்னுடையது. விழாத சொல்லுக்கு நீ கடன்பட்டவளல்லள்," என்றேன்.

எஞ்சிய நாட்களில் மாலைதோறும் இருவரும் பழைய வினாத்தாள்களைப் படித்தோம். சில மாலை அவள் தாயாரும் வந்து உட்கார்ந்து, மகள் தமிழில் சொல்லும் சாரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் மகள் ஏதோ சொல்லிவர, தாயார் இடைமறித்து, "முதலில் ஒன்று சொன்னாய், இப்போது வேறொன்று சொல்கிறாயே?" என்றார். பெண் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவள் தாண்டிப் போன இடத்தில் ஒரு 'டெஸ்பைட்' இருந்தது.

எழுத்தறியாத தாய்க்குப் பிழை தெரிந்தது, ஏனெனில் அவர் பொருளைக் கேட்டார். நாமும் பொருளைக் கேட்கத் தொடங்குவோம். சொல் வணிகம் தானே கடையைக் கட்டும்.